கால்வலிக்கு நேர்ந்த கப்பல்

ராஜாங்கம் தீர்மானம் போட்டுவிட்டார். தலையே போனாலும் ஜன்னலை விட்டுக்கொடுப்பதில்லை.

நெல்லித்தோப்பில் அவர் குடியிருந்த வீட்டுக்கு ரெண்டே அறை. ஒன்றில் பட்டப்பகலிலும் விளக்கு வேண்டும். இன்னொன்றில் தெருவைப் பார்த்த ஜன்னல். காலை வெயில் அது வழியாக, சொந்தக்காரன் மாதிரி கேட்காமல் உள்ளே வந்து உட்காரும். அந்த ஜன்னலடியில் ஒரு பெரிய மேசை. மேசைமேல் ஒரு கப்பல்.

பொம்மைக் கப்பல்தானே என்று அவரிடம் கேட்டுவைக்காதீர்கள். முந்தாநாள் அப்படிக் கேட்ட தபால்காரருக்கு இன்னும் காது வலிக்கிறது. மூன்று பாய்மரம், இரண்டு முழ நீளம், சுக்கான், நங்கூரம், மாலுமி ஏற நூலேணி, எல்லாம் மரத்திலும் நூலிலும். ராஜாங்கம் டவுனில் ஒரு நொத்தேர் ஆபீசில் பத்திரம் எழுதுகிற குமாஸ்தா. அங்கே இருந்த பிரெஞ்சுத் துரை, ஐம்பத்து நாலில் கொடி மாறினதும் மூட்டை கட்டினார். போகிற போக்கில் தன் மேசையையும், அளவோடு வரைந்த ஒரு பழைய கப்பல் படத்தையும் இவர் தலையில் கட்டிவிட்டுப் போனார். மேசையை நாலு ஆள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். படம் ராஜாங்கத்தையே தூக்கிக்கொண்டு போய்விட்டது.

மூன்று வருஷமாகக் கட்டுகிறார். பக்கத்து வீட்டுக் குத்புதீன் பாய் மரவாடி வைத்திருந்தார். அங்கே கழிகிற தேக்குச் சிம்புகள்தான் பலகை. பலகையை வளைக்க வேண்டுமானால் ஆவியில் வேக வைக்க வேண்டும். வீட்டில் ஆவி எங்கே இருக்கிறது? இட்லிப் பானையில். பலகையை ஒட்ட வஜ்ஜிரம் காய்ச்ச வேண்டும். அதற்கு நெய் உருக்குகிற கிண்ணிதான் வாகாக இருந்தது. கயிறு ஓட மிளகளவில் கப்பி வேண்டும். கொட்டைப்பாக்கைச் சீவித் துளைபோட்டால் பிரமாதமாக வந்தது. அவர் மனைவி செல்வாம்பாளின் வெற்றிலைப் பெட்டியில் வெற்றிலை மட்டும் மிஞ்சியது.

"ஏங்க, இட்லி என்னா தேக்கு வாசன அடிக்குது?"

"ஒடம்புக்கு நல்லது. சாப்புடு."

"நெய்யில செருப்பு நாத்தம் அடிக்குதே, அதுவும் ஒடம்புக்கு நல்லதா?"

"அது வஜ்ஜிரம். கழுவிட்டேனே!"

"எப்பத்தான் முடியும் இந்தக் கப்பலு?"

"பசியான்ஸ், செல்வா, பசியான்ஸ்!"

பொறுமை என்று அர்த்தம். துரை நாளைக்கு நாற்பது தடவை சொல்வார். இவர் நாற்பத்தோரு தடவை சொல்வார்.

"பசிச்சா கை கழுவிட்டு வாங்க. அதுக்கு ஏன் கத்துறீங்க" என்றாள் செல்வாம்பாள். அவளுக்கு அர்த்தம் தெரியும். மூன்று வருஷமாகத் தெரியும்.

இப்படி ஒரு மாதிரி ஓடிக்கொண்டிருந்த குடித்தனத்தில்தான் அந்தப் புரட்டாசி மாதம் இடி விழுந்தது. முதலியார்பேட்டையில் இருந்த மச்சான் கொளஞ்சி, அக்காவுக்கு என்று ஒரு தையல் மிஷின் வாங்கிவிட்டான். காலால் மிதிக்கிற மிஷின். செல்வாம்பாள் சின்ன வயசில் கன்னியாஸ்திரிகளிடம் தையல் கற்றவள். கை சும்மா இருந்தால் அவளுக்குச் சோறு இறங்காது.

"ஞாயித்துக்கெழம கொளஞ்சி மிஷினக் கொண்டாறான். மேசைய அந்த ரூமுல போட்டுடுங்க."

"இருட்டுல கப்பல் கட்ட முடியுமா?"

"இருட்டுல ஊசியில நூல் கோக்க முடியுமா?"

"இது மூணு வருஷ உழைப்பு!"

"பொங்கலுக்கு இந்தத் தெருவுல பாதிப் பேரு எங்கிட்டதான் ரவிக்க தெக்கறேன்னு சொல்லியிருக்காங்க. உங்க கப்பலு வரும்னு எந்த ஊருல யாரு காத்துக்கிட்டு இருக்காங்க?"

இப்படிக் கேட்டால் ஆண்பிள்ளை என்ன செய்வான்? துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போவான். ராஜாங்கமும் போனார். மேசையை இருட்டறையில் போட்டால் கப்பல் அத்தோடு சரி. நூலேணி கட்டுகிற கைக்குக் கண் வேண்டும், கண்ணுக்கு வெளிச்சம் வேண்டும். சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பி வந்துவிட்டார்.

சனிக்கிழமை காலை. நாளைக்கு மிஷின் வந்துவிடும். சமையலறையில் காபியை வாயில் வைக்கப்போனவர், அலமாரியின் மேல்தட்டைப் பார்த்து அப்படியே நின்றார்.

அங்கே ஒரு மஞ்சள் துணி முடிச்சு. திருப்பதிக்கு என்று செல்வாம்பாள் ஆறு வருஷத்துக்கு முன்னால் காசு முடிந்து வைத்தது. போன வருஷம் சுண்ணாம்பு அடித்தபோது வீட்டுச் சாமானெல்லாம் தெருவுக்கு வந்தது. துரை மேசையே வந்தது. அந்த முடிச்சு மட்டும் இருந்த இடத்தை விட்டு நகரவில்லை. சுண்ணாம்பு அடிக்கிறவன் அதைச் சுற்றி அடித்துவிட்டுப் போனான். சாமிக்கு என்று நேர்ந்துவிட்டால், அவள் தொட மாட்டாள், நகர்த்த மாட்டாள், ஏன் என்று கேட்கவும் மாட்டாள்.

"வொய்லா!" என்றார் ராஜாங்கம். தேடினது அகப்பட்டுவிட்டால் துரை இப்படித்தான் கத்துவார்.

"சூடா குடிக்காதீங்கன்னா கேட்டாத்தானே" என்றாள் செல்வாம்பாள்.

அன்று சாயங்காலம் அவள் ஜன்னலடிக்கு வந்தபோது, கப்பலின் நடுப் பாய்மரத்தில் ஒரு மஞ்சள் துணி கட்டியிருந்தது. ராஜாங்கம் கண்ணை மூடிக்கொண்டு கைகட்டி நின்றார்.

"என்னாங்க இது?"

"சொல்லக்கூடாதுன்னுதான் இருந்தேன். கேட்டுட்ட. இந்தக் கப்பல நாகூர் ஆண்டவருக்கு நேர்ந்துட்டேன்."

"நீங்களா? நாகூருக்கா?"

"கப்பல்காரங்களக் காப்பாத்துறவரு அவருதானே. கப்பல்னா அங்கதானே போவணும்."

"என்னாத்துக்கு நேர்ந்துக்கிட்டீங்க?"

இந்தக் கேள்வி வரும் என்று அவருக்குத் தெரியும். பகல் முழுக்க ஆபீசில் பத்திரம் எழுதாமல் இதைத்தான் யோசித்தார். நேர்த்திக்கடன் என்றால் ஒரு கோரிக்கை வேண்டும். கோரிக்கை பலித்தால் கடனைச் செலுத்த வேண்டும். அப்படியானால் பலிக்கவே பலிக்காத கோரிக்கையாகப் பார்த்துப் பிடிக்க வேண்டும். இந்த வீட்டில் அப்படி அசையாத சொத்து ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"உன் கால்வலி தீரணும்னு."

எட்டு வருஷக் கால்வலி அது. மூன்று வைத்தியர், ஒரு ஆஸ்பத்திரி, எட்டு வகைத் தைலம் எல்லாவற்றையும் பார்த்து, எதற்கும் மசியாத கால்வலி. காலையில் கோழி கூவுவதற்கு முன்னால் "அப்பாடி, காலு" என்கிற குரல்தான் வீட்டை எழுப்பும். சூரியன் ஒரு நாள் உதிக்காமல் போனாலும் போகும், செல்வாம்பாளின் முழங்கால் வலிக்காமல் போகாது.

செல்வாம்பாள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். கண் பளபளத்தது.

"எனக்காகவா?"

"பின்ன யாருக்காவ?"

ராஜாங்கத்துக்கு ஒரு நிமிஷம் மனசு உறுத்தத்தான் செய்தது. அவர் சாமி இல்லை என்கிறவர் அல்ல. ஆனால் நொத்தேர் ஆபீஸ் மூளை சும்மா இருக்குமா? நேர்ந்துகொண்டதாகச் சொன்னோமே தவிர நேர்ந்துகொள்ளவில்லையே, கையெழுத்துப் போடாத பத்திரம் செல்லாதே என்று அது சமாதானம் சொல்லிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மிஷின் வரவில்லை. "மேசைய நகத்தக்கூடாது, சாமி சாமானு இருக்குது. மிஷினு உன் வூட்டுலயே இருக்கட்டும்" என்று அக்கா சொல்லி அனுப்பிவிட்டாள்.

விஷயம் சுவர் தாண்டிக் குத்புதீன் பாய் வீட்டுக்குப் போனது. பாய் வருஷா வருஷம் கந்தூரிக்கு நாகூர் போகிறவர். லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நேரே வந்தார். ராஜாங்கத்தைப் பிரெஞ்சு மரியாதையில் 'மிசே' போட்டுத்தான் கூப்பிடுவார்.

"என்னா மிசே ராஜாங்கம், கால்வலிக்குக் கப்பலா?"

"ஏன் பாய், கூடாதா?"

"கூடாதுன்னு யாரு சொன்னா? கால்வலின்னா வெள்ளித் தகட்டுல சின்னதா ஒரு காலு வாங்கிப் போடுவாங்க. தர்கா வாசல்லயே விக்குது. கையளவுல முடிஞ்சிடும். நீங்க எதுக்கு மூணு பாய்மரத்தக் கட்டிக்கிட்டு அழுவணும்?"

"சின்ன வலிக்குச் சின்னக் காலு போதும் பாய். இது எட்டு வருஷ வலி. கப்பல்லதான் ஏத்தணும்."

பாய் அசந்துபோனார். "தங்கச்சி, நீ குடுத்து வச்சவ. எந்த வூட்டுக்காரன் பொண்டாட்டி காலுக்காவ மூணு வருஷம் மரத்த இழைக்கிறான்?" என்று சொல்லிவிட்டு, மரவாடியில் இருந்ததிலேயே நல்ல தேக்குச் சிம்பாகப் பொறுக்கி அனுப்பினார். சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது.

அதற்கப்புறம் மூன்று மாதம் ராஜாங்கம் நிஜமாகவே ராஜாங்கம் நடத்தினார். காபி கெட்டியானது. இட்லிப் பானையை அவர் கேட்கவே வேண்டாம், அவளே கழுவி வைத்தாள். கயிற்றுக்குப் பட்டு நூல் கொடுத்தாள். ஜன்னல் பக்கம் செருப்போடு யாரையும் விடவில்லை. தினமும் கப்பலுக்கு ஊதுபத்தி வேறு.

"எந்த அளவுல இருக்குதுங்க?"

"பாதி."

ஐப்பசியில் கேட்டாள். பாதி. கார்த்திகையில் கேட்டாள். பாதி. ராஜாங்கத்தின் திட்டம் அவ்வளவுதான். கால்வலியும் தீராது, கப்பலும் முடியாது. தன் புத்தியைத் தானே மெச்சிக்கொண்டு, ஆபீசில் கல்யாணமான ரெண்டு குமாஸ்தாக்களுக்குக் குடும்பம் நடத்தும் கலைபற்றிப் புத்திமதிகூடச் சொன்னார். தவளை தன் வாயால் கெடும் என்று நம்மவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

மார்கழி பிறந்தது. ஒரு நாள் காலை தெருவில் ஒரே சத்தம். ராஜாங்கம் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தார். வாசலை அடைத்து ஒரு பெரிய கோலம். இத்தனை நாளும் குனிய முடியாமல் நாலே இழையில் முடிக்கிற செல்வாம்பாள், இன்று குந்தி உட்கார்ந்து கடைசிப் புள்ளியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். சுற்றி எட்டுப் பத்துப் பெண்கள்.

"ஏங்க! வலி போயிடுச்சுங்க!"

"எந்த வலி?"

"காலு வலிங்க! எழுந்திருக்கும்போது 'அப்பாடி'ன்னு சொல்ல வாயத் தொறந்தேன். சொல்லறதுக்கு ஒண்ணுமே இல்ல!"

சொல்லிவிட்டுக் குந்தினாள், எழுந்தாள், குந்தினாள், எழுந்தாள். பாயின் மனைவி ஜஹபர் நிஷா "ஒம்போது, பத்து" என்று எண்ணினாள். ராஜாங்கத்துக்குத் திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி இருந்தது. கத்தவும் முடியாது, சும்மா நிற்கவும் முடியாது.

"செல்வா, அவசரப்படாத. நல்லாப் பாரு. லேசா ஒரு எடத்துலயாவது வலிக்கும்."

"இல்லீங்க."

"படி ஏறும்போது?"

ஏறிக் காட்டினாள். "இல்ல."

"தண்ணி தூக்கும்போது?"

"ரெண்டு கொடம் தூக்கியாந்துட்டேன்."

"இங்க அமுக்கினா?"

"கூசுதுங்க."

ஊரில் புருஷன்மார் பெண்டாட்டிக்கு வலி தீர வேண்டும் என்று தவம் கிடப்பார்கள். இவர் ஒரே ஒரு வலி கொடு என்று கெஞ்சிக்கொண்டு நின்றார். ஜஹபர் நிஷாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாருங்கடி, சந்தோசத்துல மனுசனால நம்பவே முடியல" என்றாள்.

குத்புதீன் பாய் அதற்குள் பயணக்கணக்கே போட்டுவிட்டார். "இன்னும் நாலு நாள்ல கந்தூரிக் கொடியேத்தம். நான் கெளம்பறேன். நீங்களும் கப்பலோட வந்துடுங்க. கடலூரு போயி ரயிலப் புடிச்சிடலாம்."

"கப்பல் முடியலையே பாய்!" ராஜாங்கத்துக்கு உயிர் திரும்பி வந்தது. "கப்பி மட்டும் நாப்பது வேணும். ஒரு பாய்கூடத் தெக்கல. அடுத்த வருஷக் கந்தூரிக்குப் பாக்கலாம்."

செல்வாம்பாள் உள்ளே போனாள். ஒரு பிஸ்கோத்து டப்பாவோடு வந்தாள். திறந்தாள். உள்ளே கப்பிகள். கொட்டைப்பாக்கில் சீவி, ஊசியைச் சுட்டுத் துளைபோட்ட, மிளகளவுக் கப்பிகள். ஒவ்வொன்றும் இவர் செய்ததைவிட வழவழப்பு.

"நீங்க ஆபீஸ் போன பெறவு தெனம் ஒண்ணு ரெண்டு செஞ்சு வச்சேன். அம்பது இருக்குது. பத்து ஒடஞ்சாலும் பரவால்ல."

"பாயி?"

"கொளஞ்சி வூட்டுல மிஷின்லயே தச்சு வாங்கியாந்துட்டேன். பன்னண்டும் இருக்குது."

ராஜாங்கம் ஒரு பாயை விரித்துப் பார்த்தார். ஓரத்தில் மெல்லிய ஜரிகைக் கரை. எங்கேயோ பார்த்த கரை.

"இது என் கல்யாண வேட்டி!"

"காத்து ஒழுவாத துணி வூட்டுல அது ஒண்ணுதாங்க இருந்துச்சு. சாமிக்குத்தானே?"

மூன்று வருஷத்தில் முடியாதது மூன்று நாளில் முடிந்தது. வேறு வழி? ஜன்னலுக்கு வெளியே தெரு நின்று பார்த்துக்கொண்டிருந்தது. இவர் கயிற்றை இழுக்க, செல்வாம்பாள் கப்பியைக் கோத்துக் கொடுக்க, ஒவ்வொரு பாயாக ஏறியது. கடைசிப் பாய் ஏறினபோது ஜன்னல் காற்றில் பன்னிரண்டும் ஒருசேரப் புடைத்தன. அவ்வளவு அழகு. அவ்வளவு அழகையும் வைக்கோல் போட்டுப் பெட்டியில் வைத்துக் கட்டிக் கொடுத்துவிட வேண்டும். தன் வாய்க்கு ஒரு பூட்டுப் போடாமல் போனோமே என்று அன்றைக்கு அவர் உள்ளுக்குள் அழுதார். தெருக்காரர்கள் அவருக்கு மாலை போட்டார்கள்.

செல்வாம்பாள் வீட்டுக்குக் காவலாக நின்றுவிட்டாள். நாகூரில் பெட்டியைத் திறந்ததும் கூட்டம் கூடிவிட்டது. கப்பல்காரர் ஒருவர், பல துறைமுகம் பார்த்த தண்டேல், குனிந்து ஒரு கயிற்றை விரல் நுனியால் இழுத்தார். பாய் திரும்பியது. விட்டார். திரும்பி வந்தது.

"அடேயப்பா! இது ஓடுற கப்பலு. யாரு கட்டினது?"

ராஜாங்கம் நெஞ்சை நிமிர்த்தினார். "அடியேன்தான்."

"கப்பலோட ஒடம்பு பரவால்ல. ஆனா இந்தக் கப்பியும் பாயும் இருக்குது பாருங்க, அதுதான் அசல் வேல. அதுவும் உங்க கைதானா?"

குத்புதீன் பாய் பக்கத்திலேயே நின்றார். பொய் சொல்ல வழியில்லை.

"அது... வூட்டுல செஞ்சாங்க."

இருந்தாலும் ராஜாங்கம் லேசுப்பட்ட ஆளா? கப்பலைத் தர்காவில் ஒப்படைத்து, கண்ணை மூடி நின்று, பொய் சொன்னதற்கு மனசார மன்னிப்புக் கேட்டுவிட்டு ரயிலேறினதும் தெம்பு வந்துவிட்டது. போனது ஒரு கப்பல். கை இருக்கிறது, படம் இருக்கிறது, மேசை இருக்கிறது, ஜன்னல் இருக்கிறது. அடுத்தது நாலு முழம். யாருக்கும் நேர்கிற பேச்சே கிடையாது. ஆண்பிள்ளையாக லட்சணமாக, "இது என் ஜன்னல்" என்று சொல்லிவிடுவது. கடலூர் வருவதற்குள் ஐந்து தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். ஐந்து தடவையும் நன்றாக வந்தது.

வீட்டு வாசலுக்கு வந்தபோது உள்ளே கடகடவென்று சத்தம்.

ஜன்னலடியில் தையல் மிஷின். வெயில் நேராக ஊசியில் விழுந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ரவிக்கைத் துணி மலையாகக் குவிந்திருந்தது. துரையின் மேசை இருட்டறையில், இட்லிப் பானையைச் சுமந்துகொண்டு நின்றது. பெட்டி தெருமுனை தாண்டின அன்றைக்கே மிஷினை இறக்கிவிட்டுப் போயிருக்கிறான் மச்சான்.

"வந்துட்டீங்களா? கை கழுவுங்க" என்றாள் செல்வாம்பாள். ஒரு கையால் முழங்காலைத் தடவிவிட்டுக்கொண்டாள்.

ராஜாங்கம் அதைப் பார்த்துவிட்டார்.

"காலு?"

"ரெண்டு நாளா மிஷின் மிதிச்சேன் இல்ல, வலி திரும்பிடுச்சுங்க."

அவர் முகத்தில் விளக்கு எரிந்தது. நேர்கிற பேச்சே கிடையாது என்ற தீர்மானம் ரயிலோடு போய்விட்டது. "திரும்பிடுச்சா! அடடா! கவலப்படாத செல்வா. இன்னொரு கப்பல நேர்ந்துடறேன். நாலு முழம்! மேசைய மட்டும் இங்க..."

"வேணாங்க. ஒவ்வொரு தடவையும் நீங்களே சிரமப்படணுமா? இந்தத் தடவை நானே நேர்ந்துக்கிட்டேன்."

"என்னான்னு?"

"பொங்கல் வரைக்கும் தெனம் சாயங்காலம் எங்க வூட்டுக்காரரு மிஷின் மிதிப்பாருன்னு." நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டாள். "சாமி காரியம். மாட்டேன்னு சொல்லாதீங்க."

ஜன்னலுக்கு வெளியே ஜஹபர் நிஷா ரவிக்கைத் துணியோடு நின்று, "குடுத்து வச்சவடி நீ" என்றாள். ராஜாங்கம் உட்கார்ந்தார்.

மூன்று நாள் மிதித்தார். பதினொரு ரவிக்கை முடிந்தது. நாலாம் நாள் கணுக்கால் வீங்கிப்போய், தாங்க முடியாமல் கேட்டேவிட்டார்.

"செல்வா, உண்மையச் சொல்லு. அன்னிக்கு மெய்யாலுமே உனக்குக் கால்வலி போச்சா?"

செல்வாம்பாள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். தலை நிமிரவில்லை.

"நீங்க மெய்யாலுமே நேர்ந்துக்கிட்டீங்களா?"

ராஜாங்கம் மிதித்தார்.